பின்வரிசையிலிருந்து ஒரு துணைக்கேள்வி

கதிர், லோஹேகாவ் விமான நிலையத்தில் நீ உள்ளே போன பிறகும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். நீ திரும்பிப் பார்த்தாயா என்று தெரியவில்லை. கண்ணாடியில் எனக்கு என் முகமும் பின்னால் வரிசையில் நின்ற ஆட்டோக்களும்தான் தெரிந்தன. வானவடிக்குத் திரும்பி வந்து கதவைத் திறந்தால், நீ கட்டி முடிக்காமல் விட்டுப்போன அட்டைப்பெட்டி ஹாலின் நடுவில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. உன் அப்பா ஹடப்சர் ஆபீசிலிருந்து வர இருட்டிவிடும். செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று ஆகப்போகிறதா என்று பார்ப்பது எனக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து வரும் பழக்கம். அது எங்கிருந்து வந்தது என்று உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் அனுப்பினால் ஒரு நிமிஷத்தில் படித்துவிட்டுக் கட்டைவிரலைக் காட்டிவிடுவாய். இது மெதுவாகப் படிக்க வேண்டிய விஷயம். இங்கே பூனா தமிழ்ச் சங்கத்தில் ஆண்டுமலருக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லி வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் கதை எழுத வராது. உனக்கு எழுதும் இந்தக் கடிதத்தையே கொடுத்துவிடப் போகிறேன். டெல்லி ஹாஸ்டலில் தமிழ் தெரிந்த பையன் யாராவது இருந்தால், நீ தடுமாறும் இடத்தில் அவனைப் படிக்கச் சொல். அவனும் தெரிந்துகொள்ளட்டும், தப்பில்லை.

போன வாரம் பெட்டி கட்டும்போது, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டே நீ ஒன்று சொன்னாய். "அம்மா, தாத்தா பார்லிமெண்ட்ல பேசினதெல்லாம் நெட்ல இருக்கு. எல்லாம் சேத்தாலும் ரெண்டு ஸ்க்ரோல்கூட வரல. சும்மா போய் உக்காந்துட்டு வந்திருக்கார் போல." நீ குத்தலாகச் சொல்லவில்லை. சட்டம் படிக்கப் போகிறவனுக்கு, குடும்பத்தில் ஒருவர் மக்களவையில் இருந்தார் என்றால் என்ன பேசினார் என்று தேடத் தோன்றுவது நியாயம்தான். நான் "தோசை ஆறுது, வா" என்றேன். அப்போது என் வாயில் வந்த பதில் அவ்வளவுதான். மிச்சப் பதில் இது.

உன் தாத்தா, அதாவது என் அப்பா, கட்கியில் ஒரு தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். தொழிற்சங்க வேலை அதிகமாகி, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு முழுநேரமும் சங்க ஆபீசிலேயே இருந்தார். பூனாவில் இத்தனை வருஷம் இருந்தும், திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் அவர் கட்சி உறுப்பினர் அட்டை மட்டும் உயிரோடு இருந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வந்த ஒரு தேர்தலில் அந்தத் தொகுதிக் கட்சிக்காரர்கள் இரண்டு கோஷ்டியாகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். இவன் நின்றால் அவன் வேலை செய்யமாட்டான், அவன் நின்றால் இவன். எதிரி இல்லாத ஆள் வேண்டும் என்று தேடியதில் அப்பா கிடைத்தார். "ஊருலயே இல்லாதவனுக்கு ஊருல எதிரி எப்படி இருப்பான்? அதான் எனக்குத் தகுதி" என்று சொல்லிச் சிரிப்பார். அந்த முறை அலை கட்சிப் பக்கம் அடித்தது. அப்பாவும் கரை ஒதுங்கினார்.

வெற்றி ஊர்வலம் முடிந்த அன்றைக்கே மாவட்டச் செயலாளர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு நிபந்தனை போட்டார். அதை அப்பா எங்களிடம் அப்படியே நடித்துக் காட்டியிருக்கிறார். "அண்ணாச்சி, டெல்லியில ஆட்டோக்காரன்கிட்ட எந்தப் பாஷை வேணும்னாலும் பேசிக்கிடுங்க. சபைக்குள்ள தமிழு, இல்லன்னா இங்கிலீசு. இந்தியில மட்டும் வாயத் தொறந்திராதீங்க. நம்ம பொழப்பே அதுலதான் ஓடுது." அப்பாவுக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஹிந்தியோ தண்ணீர் மாதிரி. தொழிற்சாலைத் தரையில் கற்றது, பாதி மராத்தி கலந்தது. எங்கள் கட்சியில் டெல்லிக்குப் போனவர்களில் ஹிந்தி சரளமாகப் பேசத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதைத்தான் பூட்டி வைக்கச் சொன்னார்கள். அவரும் சரி என்றார்.

அம்மாவுக்குத் தொலைபேசித் துறையில் வேலை, எனக்குப் பள்ளிக்கூடம். அதனால் நாங்கள் பூனாவிலேயே தங்கிவிட்டோம். அப்பா டெல்லியில், தொகுதி தெற்குக்கோடியில், நாங்கள் நடுவில். அம்மா காலை டியூட்டிக்கு எட்டு மணிக்கு முன்பே கிளம்பிவிடுவாள். எனக்கு மதிய ஷிப்ட் பள்ளிக்கூடம். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை இந்த வீட்டில் நான் மட்டும் இருப்பேன். நீ இப்போது படுக்கும் அறையில் உட்கார்ந்து படிப்பேன். பாடப்புத்தகம் தீர்ந்தால் செய்தித்தாள், செய்தித்தாள் தீர்ந்தால் அரிசி கட்டி வந்த காகிதம். சாயங்காலம் வரை பேசுவதற்கு ஆள் இல்லாத பெண் எதையும் படிப்பாள்.

அந்த நாட்களில் பதினொரு மணிக்கு டி.வி.யில் கேள்வி நேரத்தை நேரடியாகக் காட்டுவார்கள். ஒரு வாரம் மக்களவை, மறுவாரம் மாநிலங்களவை. மக்களவை வாரம்தான் எனக்கு அப்பா வாரம். விதிமுறையெல்லாம் கரைத்துக் குடித்திருந்தேன். நட்சத்திரக்குறி போட்ட கேள்விக்கு மட்டும்தான் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்வார். யார் கேள்வி முதலில் என்பதைக் குலுக்கல் முறையில் எடுப்பார்கள். பட்டியலில் இருபது இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் நாலைந்துதான் ஓடும், மற்றவை காகிதத்திலேயே முடிந்துவிடும். கேட்டவர் அதன்மேல் இரண்டு துணைக்கேள்விகள் கேட்கலாம். அப்பாவின் பெயர் அந்த முதல் நாலுக்குள் வர வேண்டும், அவர் எழுந்து பேசுவதை இந்த ஹாலில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்த வருஷம் முழுவதும் எனக்கு இருந்தது இந்த ஒரே ஆசைதான்.

அப்பா கடைசி வரிசை. காமிரா பேசுகிறவரைத்தான் காட்டும். பேசுகிறவருக்குப் பின்னால் யார் இருந்தாலும் அவரும் கொஞ்சம் தெரிவார். இதை நான் ஞாயிற்றுக்கிழமை போனில் யதார்த்தமாகச் சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து, அன்றைக்குக் கேள்வி கேட்கப்போகிறவர் யார் என்று பட்டியலில் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் காலி இடம் இருந்தால் அப்பா போய் அவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தார். ஒரு நாள் இடது காது தெரியும். ஒரு நாள் தோளும் துண்டும். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டால் எனக்கு வணக்கம் சொல்கிறார் என்று அர்த்தம், பேசி வைத்துக்கொண்டோம்.

"ஏளா, செவ்வாக்கெழம பாத்தியா?" என்பார் போனில்.

"பாத்தேன்ப்பா. பச்சைச் சால்வைக்காரருக்குப் பின்னாடி. கண்ணாடியை ரெண்டு தடவை கழட்டினீங்க."

"ஒண்ணு ஒனக்கு. ஒண்ணு ஒங்கம்மாவுக்கு."

"அம்மா டியூட்டியில இருந்தா."

"சரி, அப்ப ரெண்டையும் நீயே வச்சுக்கோ."

நீ நெட்டில் பார்த்த இரண்டு ஸ்க்ரோலுக்கு வருகிறேன். முதலில் வருவது அவர் ரயில்வே பட்ஜெட்டில் பேசிய பேச்சு. நீளமாக இருக்கும், பார்த்திருப்பாய். அதை அவர் பேசவே இல்லை. கட்சிக்கு ஒதுக்கிய நேரத்தை முன்வரிசைக்காரர்கள் தின்றுவிட்டார்கள். மீந்தவர்கள் எழுதி வைத்திருப்பதை மேசையில் வைத்துவிடலாம், பேசியதாகக் குறிப்பில் ஏறும் என்றார் அவைத்தலைவர். அப்பா நாலு ராத்திரி எழுதியதை ஒரு ஊழியர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். அடுத்தது பீடித் தொழிலாளர் வைப்புநிதி பற்றி இரண்டு நிமிஷம். அது சாயங்காலம், டி.வி. இல்லாத நேரம். "ஆளே இல்லளா. இருந்தவங்கள்ல ரெண்டு பேரு தூங்குதாங்க. தூங்காதவங்க எனக்கு அடுத்து பேச வேண்டியவங்க" என்றார். அதற்கடுத்து அவர் பெயர் மட்டும் இருந்து கீழே 'குறுக்கீடுகள்' என்று போட்டிருக்கும். ஊரில் குடிநீர்ப் பிரச்சினை பற்றிப் பேச அவர் எழுந்த நேரத்தில் அவையின் நடுவே வேறு கட்சிக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். எதுவும் குறிப்பில் ஏறாது என்று தலைவர் சொல்லிவிட்டார். அப்பா சொன்ன குடிநீரும் அதோடு போயிற்று.

குளிர்காலக் கூட்டத்தில் ஒரு நாள் குலுக்கலில் அவர் கேள்வி ஆறாவதாக வந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முந்தின நாளே வகுப்பில் சொல்லிவிட்டேன். குடிமையியல் டீச்சர் 'மக்கள் பிரதிநிதியின் கடமைகள்' நடத்திக்கொண்டிருந்தார், எனக்கு வாய் நிற்கவில்லை. மறுநாள் ஐந்தாவது கேள்வியில் அமைச்சர் நீட்டி முழக்கி, மணி பன்னிரண்டு அடித்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போனபோது பக்கத்துப் பெஞ்சு அஸ்வினி திரும்பி, "துஜே பாபா போலத் நாஹீத் கா?" என்றாள். உன் அப்பா பேசமாட்டாரா என்று. கேலியாகக்கூட இல்லை, ஊமையா என்று விசாரிக்கிற மாதிரி பாவமாகக் கேட்டாள். அதன் பிறகு நான் வகுப்பில் அவரைப் பற்றிப் பேசவில்லை.

அந்தக் கேள்வி ஒரு ரயிலைப் பற்றியது. பம்பாயிலிருந்து பூனா வழியாகத் தெற்கே போகும் வண்டி அது. எங்கள் தொகுதியில் ஒரு சின்ன ஸ்டேஷன் உண்டு. சுற்றுப்பட்டியிலிருந்து பிழைப்புக்காகப் பூனாவுக்கும் பம்பாய்க்கும் வந்த குடும்பங்கள் ஏராளம். வண்டி அந்த ஸ்டேஷனைத் தாண்டித்தான் போகும், நிற்காது. பிள்ளைகுட்டியோடு ஜங்ஷனில் விடியுமுன் இறங்கி, முதல் பஸ் வரும்வரை மூட்டைமேல் உட்கார்ந்திருந்து, வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். கட்கி சங்க ஆபீசுக்கு வருகிற நம் ஆட்கள் அப்பாவிடம் கேட்டதெல்லாம் இது ஒன்றுதான். தொகுதியில் கேட்டதும் இதுதான். வேறு எதற்காக எம்.பி. ஆனோமோ, இதற்காக ஆனோம் என்று வைத்துக்கொள்ளலாம் என்பார்.

அந்தக் கூட்டம் முடிந்து அப்பா வீட்டுக்கு வந்தார். அடுத்த கூட்டத்துக்கும் அதே கேள்வியைக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். நான், "கேள்வி மேல வந்தா மட்டும் போதாதுப்பா, துணைக்கேள்விக்குப் பிராக்டிஸ் வேணும்" என்றேன். நான்தான் அமைச்சர்களைத் தினமும் பார்க்கிறவள் ஆயிற்றே. சமையலறையில் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு பிரிட்ஜ் பக்கத்தில் அமைச்சராக நின்றேன். அம்மா தோசைத் திருப்பியோடு அவைத்தலைவர். அப்பா கீழே சப்பணமிட்டுத் தட்டோடு உட்கார்ந்த கடைசி வரிசை உறுப்பினர்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாண்புமிகு உறுப்பினரின் உணர்வுகளை அரசு மதிக்கிறது. அங்கே டிக்கெட் விற்பனை குறைவு. நிறுத்தினால் வண்டி தாமதமாகும். இருந்தாலும், விசார் கியா ஜாயேகா" என்றேன். பரிசீலிக்கப்படும். எந்த அமைச்சரும் எந்தக் கேள்விக்கும் கடைசியில் அதைத்தான் சொல்வார். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து, அதை அவர்கள் சொல்கிற மாதிரியே சொல்ல எனக்கு வரும்.

அப்பா முதலில் தமிழில் பதவிசாகக் கேட்டுப் பார்த்தார். நான் மறுபடி கையை விரித்தேன், "விசார் கியா ஜாயேகா." மூன்றாவது தடவை அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, தொழிற்சாலை மேஸ்திரியிடம் பேசுகிற குரலில், "விசார் நக்கோ சாப், காடி ரோக்கோ" என்றார். யோசிக்கிறதெல்லாம் வேண்டாம் சார், வண்டியை நிறுத்துங்க. பாதி மராத்தி, பாதி ஹிந்தி. என் தலைப்பாகை அவிழ்ந்து விழும் அளவுக்குச் சிரித்தேன்.

"உறுப்பினர் சட்னியைத் தொட்டுக்கிட்டே பேசுறார். இது குறிப்புல ஏறாது" என்றாள் அம்மா.

"ஏறாத வரைக்கும் நல்லது. ஏறிச்சுன்னா மாவட்டம் என்னைய ஊருக்குள்ள விடாது."

அந்த விடுமுறை முழுவதும் இது எங்கள் வீட்டு விளையாட்டாகிவிட்டது. காபி கேட்டால் நான் "விசார் கியா ஜாயேகா" என்பேன். அவர் "விசார் நக்கோ சாப், காபி லாவோ" என்பார். ஜோஷி காக்கூ, எதிர் வீட்டுக்காரி, கதவைத் திறந்து என்ன சத்தம் என்று கேட்டுவிட்டுப் போவாள். அதற்கு முன்னும் பின்னும் இந்த வீட்டில் அவ்வளவு சத்தம் இருந்ததில்லை. அப்பா டெல்லிக்குக் கிளம்பியபோது, கோடை விடுமுறையில் என்னை அழைத்துப்போய்ப் பார்வையாளர் மாடத்தில் உட்காரவைப்பதாகச் சொன்னார். "மேல இருந்து பாத்தா என் வழுக்கை நல்லாத் தெரியும்" என்றார்.

பட்ஜெட் கூட்டத்தொடரில், ஒரு மக்களவை வாரத்தில், அவர் கேள்வி நாலாவதாக வந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சீருடை போட்டு, பை கட்டி, டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தேன். முதல் கேள்வி இழுத்தது. இரண்டாவது கேள்விக்காரர் வரவில்லை, அவருக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன். மூன்றாவது முடிந்ததும் தலைவர் அப்பாவின் பெயரைச் சொன்னார், தப்பாக உச்சரித்து. காமிரா தேடியது. முன்வரிசை, நடுவரிசை, தூண். பிறகு அப்பா முழுசாக, யார் தோளுக்கும் பின்னால் இல்லாமல், நின்றுகொண்டிருந்தார். கேள்வி எண்ணைச் சொன்னார். பதில் மேசையில் வைக்கப்பட்டுள்ளது என்றார் இணை அமைச்சர். அப்பா முதல் துணைக்கேள்வியைத் தமிழில் கேட்டார். மொழிபெயர்ப்புக்கு முன்கூட்டியே சொல்லி ஏற்பாடு செய்திருந்தார்கள். அமைச்சர் காதில் கருவியை வைத்துக்கொண்டு கேட்டார். எழுந்தார். உறுப்பினரின் உணர்வுகளை மதிக்கிறேன் என்றார் ஹிந்தியில். டிக்கெட் விற்பனை குறைவு என்றார். வண்டி தாமதமாகும் என்றார். கண்ணை மூடி, இரண்டு கையையும் விரித்தார். ஹாலில் தனியாக இருந்த நான் அவரோடு சேர்ந்தே சொன்னேன், "விசார் கியா ஜாயேகா."

அப்பா காகிதத்தைப் பார்த்தார். இரண்டாவது துணைக்கேள்வியும் அதில் தமிழில் எழுதியிருந்தது. அதை மடித்தார். நிமிர்ந்து, "விசார் நக்கோ சாப், காடி ரோக்கோ" என்றார்.

மகாராஷ்டிர உறுப்பினர்கள் பக்கத்திலிருந்து மேசை தட்டும் சத்தம் கிளம்பியது. கட்சி வித்தியாசம் இல்லாமல் தட்டினார்கள். யாரோ "வா, புணேகர்" என்று கத்தினார்கள். சபாஷ், பூனாக்காரரே என்று. இணை அமைச்சரும் சிரித்துவிட்டார். சிரித்துவிட்ட பிறகு மறுபடி கையை விரிக்க முடியவில்லை போலிருக்கிறது, சோதனை முறையில் ஆறு மாதத்துக்கு நிறுத்திப் பார்ப்போம் என்று அங்கேயே சொல்லிவிட்டார். எங்கள் கட்சி வரிசையில் மட்டும் யாரும் தட்டவில்லை. அப்பா உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். திரும்பப் போட மறந்துவிட்டார்.

ஜோஷி காக்கூ கதவைத் தட்டி, "அக, துஜே பாபா 'நக்கோ' ம்ஹணாலே" என்று, உன் அப்பா மராத்தியில் 'நக்கோ' என்றாரே என்கிற பூரிப்பில், என் வாயில் சர்க்கரையைப் போட்டுவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று ஓடிவிட்டாள். மறுபடியும் நான் தனியாக. அம்மாவின் ஆபீசுக்குப் போன் செய்தேன், அவள் இருக்கையில் இல்லை. டி.வி.யை அணைத்தால் அப்பா போய்விடுவார் போல் இருந்தது. அடுத்து வந்த உழவர் நிகழ்ச்சியில் வாழைக்கு உரம் போடுவதைக் கடைசிவரை பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனேன். அஸ்வினியிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றாதது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

நீ நெட்டில் பார்த்த ஆங்கிலப் பதிப்பில் இது எப்படி இருக்கிறது என்று போனவாரம் நீ தூங்கிய பிறகு நானும் பார்த்தேன். 'வண்டியை நிறுத்துமாறு அமைச்சரைக் கேட்டுக்கொள்கிறேன்' என்று ஒரு வரி. எந்த மொழியில் கேட்டார் என்பது அந்த வரியில் இல்லை. மேசை தட்டியது இல்லை. கண்ணாடி இல்லை.

அந்த வாரக்கடைசியில் அப்பா பூனாவுக்கு வந்தார். அதற்குள் ஊரில் எதிர்க்கட்சிக்காரர்கள் 'இந்திக்கு வால்பிடித்த எம்.பி.' என்று சுவரெல்லாம் ஒட்டிவிட்டார்கள். ஞாயிறு காலையில் போன் அடித்தது. நான் எடுத்தேன். மாவட்டச் செயலாளர்.

"பாப்பாவா? நல்லா இருக்கியாம்மா? பள்ளிக்கூடத்துல இந்தி படிக்கியோ?"

"ஆமா மாமா."

"அப்ப ஒங்கப்பாவுக்கும் நீதான் சொல்லிக் குடுத்தியாக்கும்" என்று சிரித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது, வாய்க்கு வந்ததைச் சொன்னார். நான் போனைக் காதிலிருந்து எடுத்து நீட்டினேன். அப்பா போனை வாங்கினார். "சொல்லுங்க" என்றார். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "நிப்பாட்டுதேன்னு சபையிலயே சொல்லிட்டாருல்லா" என்றார் ஒருமுறை. பிறகு "சரி" என்று இரண்டு தடவை. வைத்துவிட்டு எங்களிடம் வந்து, "வண்டி நிக்குமாம். அடுத்த எலெக்சன்ல நாந்தான் நிக்க முடியாதாம்" என்றார். அம்மா அவருக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனாள். அது வெறும் சாக்கு. அவள் சமையலறையிலேயே நின்றுவிட்டாள்.

நான் கேட்டேன். "நான் அந்த மாதிரி விளையாடாம இருந்திருந்தா நீங்க தமிழ்ல கேட்டிருப்பீங்கதானே?"

அப்பா பொய் சொல்கிற ஆள் இல்லை. "கேட்டிருப்பேன்" என்றார். பிறகு, "அந்தாளு கைய விரிச்சாரு பாரு, எனக்கு மந்திரியே தெரியலளா. நீதான் துண்டக் கட்டிட்டு பிரிட்ஜுகிட்ட நின்ன. அம்புட்டுப் பெரிய சபையில ஒரு வருசமா யாருகிட்ட பேசுதோம்னே தெரியாம காயிதத்தப் பாத்துப் பாத்துப் பேசுனேன். அன்னைக்கு ஒரு நாளுதான் எதுக்க ஆள் இருந்த மாதிரி இருந்துச்சு" என்றார். நான் அழுதேன். "என்னத்துக்கு அழுத? போய் காப்பி கொண்டா" என்றார். நான் வழக்கமான பதிலைச் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. அந்த விளையாட்டு அதோடு நின்றுபோயிற்று.

கோடை விடுமுறைக்கு முன்பே ஆட்சி கவிழ்ந்து அவை கலைந்தது. அப்பா கடைசியாகச் செய்தது நம்பிக்கை வாக்கெடுப்பில் பொத்தானை அழுத்தியதுதான். மாடத்தில் நான் உட்காரவே இல்லை. இரண்டு பெட்டிகளோடு அவர் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஒரு வருஷமாக நான் ஏங்கியது அவர் வீட்டுக்கு வர வேண்டும் என்பதற்கும்தான். ஆனால் வந்தவர் பதினொரு மணிக்கு டி.வி. போட்டால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். நானும் போடுவதை நிறுத்தினேன். அந்தக் காலைகளில் வீட்டில் இரண்டு பேர் இருந்தோம், முன்பு ஒருத்தி இருந்தபோது இருந்ததைவிட அமைதியாக.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, என் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க ஊருக்குப் போனோம். அதே வண்டி. ஆறு மாதச் சோதனை நிரந்தரமாகிவிட்டிருந்தது. அன்றைக்குத் தாமதமாக, விடிந்த பிறகு அந்த ஸ்டேஷன் வந்ததும் வேகம் குறைந்தது. அப்பா எழுந்துபோய் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் அவர் பின்னால். கைக்குழந்தையும் பெரிய பையுமாக ஒரு பெண் இறங்கினாள். யாரோ ஒரு கிழவர் சைக்கிளோடு அவளுக்காக ஓடிவந்தார். எங்கள் பெட்டியில் இருந்த ஒருவர் சலித்துக்கொண்டார், "இந்தப் பொட்டக்காட்டுல எதுக்குத்தான் நிப்பாட்டுதானோ."

அப்பா திரும்பி, "எவனோ வேலையத்தவன் கேட்டிருப்பான்" என்றார்.

வண்டி கிளம்பியது. அவர் இருக்கைக்கு வரவில்லை. சைக்கிளின் பின்னால் அந்தப் பெண் நடந்துபோவது மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கத்தான் என்று நினைத்தேன். துடைக்கவில்லை. கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார். அவர் முகம் வெளியே பார்த்துத்தான் இருந்தது. நான் பின்னால் இருப்பது அவருக்குத் தெரியும்.

நீ பிறந்த பிறகு மூன்று வருஷம் இருந்தார். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு பால்கனியில் நடப்பார். உனக்கு நினைவிருக்காது.

கதிர், நீ படிக்கப்போகிற படிப்பில் நிறைய ஆவணங்களைப் படிப்பாய். அச்சில் இருப்பதை நம்பத்தான் வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் ஒரு ஆளை அளக்கும்போது கொஞ்சம் நிதானி. நீ வாய் திறக்க வேண்டிய இடங்களும் வரும். பெரிய கூடத்துக்குப் பேசாதே, உன்னால் முடியாது, யாராலும் முடியாது. எதிரில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு பேசு. யாரை என்று நான் சொல்லமாட்டேன். அதனால் நஷ்டம் வந்தாலும் வரும். உன் தாத்தாவுக்கு வந்தது.

இன்னொன்று. அங்கே நண்பர்கள் பழகியதும், பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச்சீட்டு வாங்கி ஒரு நாள் போய்வா. அந்தக் கட்டடத்தில் இப்போது சபை நடப்பதில்லையாம், பக்கத்தில் புதிது கட்டிவிட்டார்களாம். பரவாயில்லை. கேள்வி நேரத்துக்குப் போ. முன்வரிசையில் பேசுகிறவர்களை எல்லோரும் பார்ப்பார்கள், நீ கடைசி வரிசையைப் பார். யாராவது ஒருவர் கையை உயர்த்தி, எழுந்து நின்று, பெயர் கூப்பிடப்படாமல் உட்கார்வார். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். அவர் எந்தக் கட்சி, எந்த ஊர் என்று தேடாதே. அவர் மறுபடி நிமிரும்வரை கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிரு. காமிரா அவர் பக்கம் போகாது. எந்த ஊரிலோ ஒரு வீட்டில் ஒரு பெண், டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, இப்போது தெரிவாரா என்று உட்கார்ந்திருப்பாள். அவளுக்குப் பதிலாக நீ பார்.

இங்கே மணி பதினொன்று தாண்டிவிட்டது. அட்டைப்பெட்டியை நான் கட்டிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு. பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் கூப்பிடு. கண்ணாடியைக் கழற்றிப் போட்டால் போதும், எனக்குப் புரியும்.

அம்மா